பழைய டிஸ்க் வாங்கினவன் திருடனா?

முதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் நீளமான பதிவு. நடுவுல கணக்கு வேற வரும். ஆபீஸ்ல ஆணி அதிகமா இருக்கறவங்க சனிக்கிழமை வந்து படிங்க.

போன ஞாயித்துக்கிழமை இர்விங்கில் ஒரு நண்பன் வீட்டில் பிரியாணி. சாப்பிட்டு முடிச்சதும் வழக்கம் போல ஆளுக்கொரு கன்ட்ரோலரை எடுத்துக்கிட்டு உட்கார்ந்தோம். நான் செகண்ட் ஹேண்டில் வாங்கின ஒரு கேமை பையிலிருந்து எடுத்தேன். பெட்டியில் இருந்த மஞ்சள் ஸ்டிக்கரைப் பார்த்துட்டு ஒருத்தன் சொன்னான்: "மச்சி, இதை வாங்கறதுக்கு நீ டாரன்ட்ல இறக்கியிருக்கலாம். கேம் எழுதினவனுக்கு ரெண்டுலயும் சல்லிக்காசு போகாது. இதுல அந்தக் கடைக்காரன் மட்டும் கொழுக்கறான்."

சொன்னவன் சும்மா ஆள் இல்லை. என்னை மாதிரியே பொட்டி தட்டறவன்தான், ஆனா கொஞ்ச நாள் ஒரு கேம் ஸ்டூடியோவில் வேலை பார்த்தவன். அங்கே லே ஆஃப் ஆகி நடுத்தெருவில் நின்னவன். அவன் கோவத்துக்குக் காரணம் இருக்கு. அதனால அங்கேயே சண்டை போடாம, வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் யோசிச்சேன். யோசிக்க யோசிக்க கடுப்புதான் ஏறுச்சு. அந்தக் கடுப்புதான் இந்தப் பதிவு.

முதல்ல கடைக்காரன் கதை. எனக்கும் அவன் மேல காண்டு உண்டு, மறைக்கல.

ரெண்டு மாசம் முன்னாடி 70 டாலர் கொடுத்து ஒரு புது கேம் வாங்கினேன். மூணு வாரத்தில் முடிச்சாச்சு. இங்கே பக்கத்தில் ஒரு கடையில் கொண்டு போய்க் கொடுத்தேன். "31 டாலர் கிரெடிட் தர்றோம், காசா வேணும்னா 25" அப்படின்னாங்க. கிரெடிட்டையே வாங்கிக்கிட்டேன். அடுத்த வாரம் அதே கடைக்குப் போனா, அதே கேம் அலமாரியில் 60 டாலர். என் டிஸ்க்தானான்னு சத்தியம் பண்ண முடியாது, ஆனா பெட்டி மூலையில் என் காபிக் கறை இருந்தது :-)

31-க்கு வாங்கி 60-க்கு வித்தா 29 டாலர் லாபம். வித்த விலையில் 48 சதவீதம். அடப்பாவிகளான்னு வாய்விட்டே சொல்லிட்டேன்.

அந்த வேகத்தில் வீட்டுக்கு வந்து கேம்ஸ்டாப் கம்பெனியோட பழைய ஆண்டறிக்கைகளைத் தோண்டினேன். (தலைமை அலுவலகம் நம்ம டல்லாஸ் பக்கம் கிரேப்வைன்ல தான் இருக்கு. இந்தத் தொழிலுக்கே அது தலைநகரம் மாதிரி.) பங்குச்சந்தையில் இருக்கற கம்பெனி, கணக்கை ஒளிக்க முடியாது. 2010-ஐ ஒட்டின வருஷங்கள்தான் அவங்க பொற்காலம். அப்போதைய கணக்கு இது:

கன்சோல் பெட்டி வித்தா ஏழு சதவீதம் பக்கம்.
புது கேம் வித்தா 20 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல.
பழைய கேம் வித்தா 46-லிருந்து 48 சதவீதம்.

இது எல்லாமே மொத்த லாபம். அதாவது வித்த விலையிலிருந்து சரக்கு வாங்கின விலையை மட்டும் கழிச்சது. கடை வாடகை, சம்பளம், கரண்ட் பில் எதுவும் இன்னும் கழிக்கல. விற்பனையில் நாலில் ஒரு பங்குதான் பழைய சரக்கு, ஆனா மொத்த லாபத்தில் நாப்பது சதவீதத்துக்கும் மேல அதிலிருந்துதான் வந்தது.

இதை இன்னைக்கு விலையில் போட்டுப் பாருங்க. புது கேம் 70 டாலர், கடைக்கு மிஞ்சறது சுமார் 14. அதே கேம் பழசு 60 டாலர், மிஞ்சறது 29. வாங்கறவனுக்குப் பத்து டாலர் மிச்சம், கடைக்குப் பதினஞ்சு டாலர் கூடுதல், கேம் எழுதினவனுக்கு முட்டை. கவுன்டர்ல நிக்கற பையன், புதுசைக் கையில் எடுத்துக்கிட்டு வர்றவனைப் பார்த்து "பழசு இருக்கு, பத்து டாலர் கம்மி"ன்னு சொல்றது உங்க மேல இருக்கற பாசத்துல இல்ல.

இதுவரைக்கும் என் நண்பன் சொன்னது நூத்துக்கு நூறு சரி. இங்கேதான் எல்லாரும் நிறுத்திடறாங்க. நான் இன்னும் ரெண்டு வரி கீழே படிச்சேன்.

2009 நிதியாண்டில் கேம்ஸ்டாப்போட விற்பனை 900 கோடி டாலருக்கு மேல. எல்லாச் செலவும், வரியும் போக நிகர லாபம் 38 கோடிக்குக் கொஞ்சம் கீழே. நூறு ரூபாய்க்கு வித்தா கையில் நிக்கறது நாலு ரூபாய் சொச்சம். இது அவங்க உச்சத்தில் இருந்தப்போ! நம்மை வாடகைக்கு விடற பாடி ஷாப்பர்கள் நம்ம பில்லிங்கில் எடுக்கற கமிஷனைப் பார்த்தா இவங்க தர்ம சத்திரம் நடத்தறாங்கன்னு சொல்லணும்.

அப்போ அந்த 48 எங்கே போச்சு? யோசிச்சுப் பாருங்க. புது கேமுக்குக் கடைக்கு என்ன விலைன்னு முடிவு பண்றது பதிப்பாளர். எவ்வளவுக்கு விக்கணும்னு நடைமுறையில் முடிவு பண்றதும் அவரேதான், ஊர் முழுக்க ஒரே விலைதானே. நடுவுல கடைக்காரன் கையில் இருக்கற சதவீதம் அவனா தீர்மானிச்சது இல்ல. கன்சோல் பெட்டியை வித்தா கிடைக்கற ஏழு சதவீதத்தில் மால் வாடகை கட்ட முடியுமா? அவன் சொந்தமா விலை வைக்க முடியற ஒரே பொருள் பழைய கேம்தான். வாங்கற விலையும் அவன் கையில், விக்கற விலையும் அவன் கையில். இந்த லாபம்தான் மத்த ரெண்டையும் தாங்கிப் பிடிச்சது.

அதோட ரிஸ்கும் அவனோடதுதான். போன வருஷத்து ஃபுட்பால் கேமை மூட்டை மூட்டையா கொண்டு வந்து கொட்டுவாங்க. கீறல் விழுந்த டிஸ்க், பெட்டி இல்லாத டிஸ்க். சோதிச்சு, துடைச்சு, ஸ்டிக்கர் ஒட்டி வைக்கணும். விக்கலைன்னா அவன் தலையில்தான் விடியும்.

சரி, கடைக்காரனுக்குக் கோயில் கட்டணும்னு சொல்றேனா? இல்லை சாமி. 2017-ல் கேம்ஸ்டாப் ஊழியர்களே வெளியே வந்து புலம்பினாங்க. ஒவ்வொரு கடைக்கும் பழைய சரக்கு இத்தனை சதவீதம் வித்தாகணும்னு ஒரு டார்கெட், புது கேம் வித்தா அந்த மார்க் குறையும். அதனால கேட்டு வர்றவன்கிட்ட "புதுசு ஸ்டாக் இல்லை"ன்னு பொய் சொல்ல வேண்டி வருதுன்னு சொன்னாங்க. 2011-ல் டியூஸ் எக்ஸ் கேமோட புதுப் பெட்டியைப் பிரிச்சு, உள்ளே போட்டியாளரோட கூப்பன் இருந்ததால அதை உருவிட்டு, புதுசுன்னே வித்தாங்க. மாட்டிக்கிட்டப்புறம்தான் சமாதானம் பேசினாங்க. இதெல்லாம் அயோக்கியத்தனம். திட்டுங்க, நானும் கூட வந்து திட்டறேன்.

ஆனா கடைக்காரன் அயோக்கியன்ங்கறதால செகண்ட் ஹேண்ட் வாங்கறதே திருட்டுன்னு சொல்றீங்க பாருங்க, அங்கேதான் எனக்கு ஏறுது. ரேஷன் கடையில் எடை குறையுதுன்னு ரேஷனையே நிறுத்தச் சொல்ற மாதிரி இருக்கு.

கொஞ்சம் வரலாறு பார்ப்போம். கேம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இந்தச் சண்டை வந்துடுச்சு. அமெரிக்காவில் பாப்ஸ்-மெரில்னு ஒரு பதிப்பகம். ஒரு நாவலைப் போட்டு, உள்ளே ஒரு அறிவிப்பும் போட்டாங்க: ஒரு டாலருக்குக் குறைச்சு எந்தக் கடையும் இதை விக்கக்கூடாது, வித்தா காப்புரிமை மீறல். நியூயார்க்கில் மேசிஸ் கடை 89 சென்ட்டுக்கு வித்தது. கேஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1908-ல் தீர்ப்பு: ஒரு பிரதியை ஒரு தடவை வித்துட்டா, அந்தப் பிரதி மேல உன் பிடி அதோட முடிஞ்சது. நகல் எடுக்கற உரிமை உன்கிட்டதான், ஆனா அந்தக் காகிதப் புஸ்தகம் வாங்கினவனோடது. 1976 காப்புரிமைச் சட்டத்திலும் இதை எழுதியே வச்சுட்டாங்க.

ஜப்பானிலும் இதே கதை. கேம் கம்பெனிகள் பழைய கேம் கடைகள் மேல கேஸ் போட்டாங்க. 2002-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், பழைய கேமை விக்கறது தப்பே இல்லைன்னு சொல்லிடுச்சு. நிண்டெண்டோவும் சோனியும் பிறந்த மண்ணுலயே இதுதான் தீர்ப்பு.

டாரன்ட்டில் இறக்கினா ஒரு டிஸ்க் ஆயிரம் ஆகும். நான் என் டிஸ்க்கைக் கடையில் கொடுத்தா என்கிட்ட ஒண்ணும் இருக்காது. ஒரு டிஸ்க் ஒரு டிஸ்க்காவேதான் இருக்கு, கை மட்டும் மாறுது. இன்ஜினியரிங் படிச்சவனுக்கு இந்த வித்தியாசம் புரியாதா? நாமெல்லாம் சீனியர்கிட்ட பாதி விலைக்கு வாங்கின புஸ்தகத்தை வச்சுத்தானே செமஸ்டர் தாண்டினோம்? அப்போ எந்தப் பேராசிரியர் வந்து "எனக்கு ராயல்டி வரலை, நீ திருடன்"னு சொன்னார்? பழைய மாருதி வாங்கினா மாருதிக்குப் பங்கு கொடுக்கறோமா?

"அது வேற இது வேற, கார் தேயும், கேம் தேயாது"ன்னு ஒரு வாதம் வரும். கேமும் தேயும் ஐயா. மூணு மாசம் கழிச்சு அதைப் பத்திப் பேச ஆள் இருக்காது, ஒரு வருஷத்தில் ஆன்லைனில் விளையாட ஆள் இருக்காது. 70 டாலர் டிஸ்க் ரெண்டு வருஷத்தில் 15 டாலர் ஆகறது தேய்மானம் இல்லாம வேற என்ன?

அடுத்து, "ஒவ்வொரு பழைய டிஸ்க்கும் ஒரு புது விற்பனையைக் கொல்லுது" அப்படிங்கற கணக்கு. ஹெவி ரெய்ன் கேம் ஞாபகம் இருக்கா? அதைச் செஞ்ச குவான்டிக் ட்ரீம் கம்பெனியின் இணைத் தலைவர் 2011-ல் சொன்னார்: வித்தது இருபது லட்சம் பிரதி, ஆனா விளையாடினவங்க முப்பது லட்சத்துக்கு மேல, அதனால எங்களுக்கு 50 லட்சத்திலிருந்து ஒரு கோடி யூரோ வரைக்கும் ராயல்டி நட்டம். அதாவது 20 டாலருக்குப் பழசு கிடைச்சதால வாங்கின பத்து லட்சம் பேரும், அது கிடைக்கலைன்னா 60 டாலருக்குப் புதுசு வாங்கியிருப்பாங்களாம். நம்பறீங்களா? (கேம் விலை ரொம்ப அதிகமோன்னும் அவரே சேர்த்துச் சொன்னார். அந்த நேர்மைக்கு ஒரு சலாம்.)

நான் என் கதையைச் சொல்றேன். சின்ன வயசில் எங்க வீட்டில் கன்சோல் கிடையாது. அத்தை பையன் வீட்டில் சிப் மாத்தின பிளேஸ்டேஷன் 2. டிஸ்க் எல்லாம் ரிச்சி தெரு சரக்கு, ஒண்ணு கூட ஒரிஜினல் இல்லை. ஒரிஜினல் விலை அப்பாவோட ரெண்டு நாள் சம்பளம். யார் கேட்பா? திருடன்னு சொல்லணும்னா அப்போ சொல்லியிருக்கணும், ஒத்துக்கறேன்.

2019-ல் எம்.எஸ். படிக்க இங்கே வந்தேன். எஜுகேஷன் லோன், மாசம் பொறந்தா வாடகைக்கு நாலு பேர் பங்கு. அந்த நிலைமையில் ஒரு பழைய கன்சோலும், எட்டு டாலருக்கு ஒரு பழைய கேமும் வாங்கினேன். என் வாழ்க்கையில் காசு கொடுத்து வாங்கின முதல் ஒரிஜினல் கேம் அதுதான். ராத்திரி அறைத் தோழர்கள் தூங்கினதும் சத்தத்தைக் குறைச்சு வச்சு விளையாடுவேன். வேலை கிடைச்ச பிறகு அதே கேமோட அடுத்த பாகத்தை வெளியான அன்னைக்கே முழு விலை கொடுத்து வாங்கினேன். அந்த எட்டு டாலர் டிஸ்க்கில் கம்பெனிக்கு ஒரு காசு போகலை, உண்மைதான். ஆனா ரிச்சி தெரு வாடிக்கையாளன் ஒருத்தனை அவங்க வாடிக்கையாளனா மாத்தினது அந்த டிஸ்க்தான். இந்த வரவை எந்த எக்செல் ஷீட்டில் போடுவாங்க?

இன்னொண்ணு. எனக்குக் கிடைச்ச அந்த 31 டாலர் கிரெடிட் எங்கே போச்சு? அடுத்த புது கேமுக்குத்தான். 70 டாலர் கேமை நான் தைரியமா வாங்கறதே, பிடிக்கலைன்னா முப்பதாவது திரும்பும்ங்கற நம்பிக்கையில்தான். நான் மனசுக்குள்ள கொடுக்கற விலை 70 இல்லை, 39. அந்த வழியை அடைச்சா நான் 70 கொடுக்க மாட்டேன், விலை குறையறவரைக்கும் காத்திருப்பேன்.

இது என் வெட்டிப் பேச்சு மட்டும் இல்லை. இஷிஹாரா, சிங்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஜப்பான் கேம் சந்தையோட தரவுகளை வச்சு இதைக் கணக்குப் போட்டுப் பார்த்து 2019-ல் வெளியிட்டாங்க. பழைய கேம் சந்தையே இல்லாம போனா என்ன ஆகும்? புது கேம் விலையை மாத்தாம விட்டா லாபம் சுமார் 10 சதவீதம் குறையும். விலையை மூணில் ஒரு பங்கு குறைச்சா லாபம் சுமார் 19 சதவீதம் கூடும்.

கவனிச்சீங்களா? என் நண்பன் பக்கத்திலும் நியாயம் இருக்குன்னு இந்த ஆய்வே சொல்லுது. பழசை ஒழிச்சா கேம் செய்யறவங்களுக்கு லாபம் வரலாம். ஆனா அதுக்கு ஒரு நிபந்தனை: விலையைக் குறைக்கணும். நல்லாக் குறைக்கணும்.

குறைச்சாங்களா?

பழசை ஒழிக்கற வேலை மட்டும் ஜரூரா நடந்தது. 2010-ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் "ஆன்லைன் பாஸ்" கொண்டு வந்தது. பழைய டிஸ்க் வாங்கினவன் ஆன்லைனில் விளையாட இன்னொரு பத்து டாலர் அழணும். ஊரே காறித் துப்பினதும் 2013-ல் கைவிட்டாங்க. அதே 2013-ல் மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் டிஸ்க்கை அக்கவுன்ட்டோட கட்டிப் போடப் பார்த்தது. நண்பனுக்குக் கடன் கொடுக்கக் கூட ஏகப்பட்ட கண்டிஷன். எதிர்ப்பு தாங்காம ஜூன் 19-ம் தேதி பல்டி. சட்டத்தாலயும் முடியலை, மிரட்டியும் முடியலை. கடைசியில் டிஸ்க்கையே காணாமப் பண்ணிட்டாங்க. 2020-ல் டிஸ்க் போடற இடமே இல்லாத பிளேஸ்டேஷன் 5 வந்தது. கேம்ஸ்டாப் 2024 நிதியாண்டில் அமெரிக்காவில் மட்டும் ஐநூறு கடைகளுக்கு மேல இழுத்து மூடியது.

விலை? 60 டாலரா இருந்தது 2020-ல் 70 ஆச்சு. 2025-ல் நிண்டெண்டோ மரியோ கார்ட் வேர்ல்டுக்கு 80 டாலர் போட்டது.

டிஸ்க் இல்லை, பெட்டி இல்லை, லாரி இல்லை, கடை வாடகை இல்லை, பழசோட போட்டியும் இல்லை. ஆனா விலை மட்டும் ஏறுது. கடைக்காரன் புது கேமில் 20 சதவீதம் எடுத்தான்னு கொதிச்சீங்களே, ஸ்டீம், பிளேஸ்டேஷன் ஸ்டோர், எக்ஸ்பாக்ஸ் ஸ்டோரில் வழக்கமான வெட்டு 30 சதவீதம். அந்தக் கடைக்காரனாவது முடிச்ச கேமைக் கொண்டு போனா 31 டாலர் கையில் கொடுத்தான். இவங்க என்ன கொடுப்பாங்க? ஒரு டிஜிட்டல் பேட்ஜ்.

சரி, வாங்கினதாவது நம்மளோடதா? யூபிசாஃப்ட் கம்பெனியோட தி க்ரூ கேம் 2014-ல் வந்தது. 2024 மார்ச் 31-ம் தேதி சர்வரை நிறுத்தினாங்க. தனியா விளையாடறதுக்கும் சர்வர் வேணுங்கற மாதிரி செஞ்சு வச்சிருந்ததால, டிஸ்க் வச்சிருந்தவனுக்கும் அது வெறும் காபி டம்ளர் வைக்கற தட்டுதான். கலிஃபோர்னியாவில் இப்போ ஒரு சட்டமே போட்டாச்சு. 2025 ஜனவரியிலிருந்து, இது வெறும் உரிமம்தான்னு தெளிவாச் சொல்லாம டிஜிட்டல் பொருளுக்கு "வாங்கு"ன்னு பொத்தான் வைக்கக்கூடாது. பிரான்ஸில் நுகர்வோர் சங்கம் ஸ்டீம் மேல போட்ட கேஸில், டிஜிட்டல் கேமையும் மறுவிற்பனை செய்யலாம்னு 2019-ல் பாரிஸ் கீழ்க் கோர்ட் சொன்னது. 2022-ல் மேல் கோர்ட் அதைத் தூக்கிப் போட்டுடுச்சு. 1908-ல் 89 சென்ட் நாவலுக்குக் கிடைச்ச உரிமை, 80 டாலர் கேமுக்கு இல்லை.

இப்போ சொல்லுங்க, 48 சதவீதம் எடுக்கற கடைக்காரனா பெரிய வில்லன்?

என் நண்பனுக்கு வேலை போனது பழைய டிஸ்க்கால இல்லை. பழைய டிஸ்க் பரபரப்பா வித்த காலத்தை விட, டிஸ்க் செத்துக்கிட்டு இருக்கற 2023, 2024-ல்தான் கேம் கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் ஆளை அனுப்பினாங்க. பழசால போன காசு உங்களுக்கு வரும்னு சொன்னாங்களே, வந்துச்சா மச்சி?

நான் கேக்கறது ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு, டிஜிட்டல் கேமையும் ஒரு தடவை வித்துட்டு நம்ம கணக்கிலிருந்து நீக்கிக்க வழி பண்ணுங்க. வேணும்னா அந்த மறுவிற்பனையில் பத்து சதவீதம் கேம் செஞ்சவங்களுக்கே போகட்டும், நான் சந்தோஷமா கொடுக்கறேன். டிஸ்க்கில் முடியாதது இதில் முடியும். சர்வர் எழுதற நமக்கு இது எவ்வளவு சின்ன வேலைன்னு தெரியாதா? ரெண்டு, அது முடியாதுன்னா விலையை மூணில் ஒரு பங்கு குறைங்க. ரெண்டும் மாட்டேன், ஆனா பழசு வாங்கறவன் திருடன்னு மட்டும் சொல்வேன்னா, போங்கய்யா நீங்களும் உங்க நியாயமும்.

அதுவரைக்கும் நான் டிஸ்க்தான் வாங்கப் போறேன். முடிச்சதும் கடைக்குக் கொடுக்காம, இங்கே நம்ம பசங்களுக்கே 45-க்குக் கொடுத்துடறேன். எனக்குப் பதினாலு டாலர் கூடுதல், வாங்கறவனுக்குப் பதினஞ்சு டாலர் மிச்சம். அந்த 48 சதவீதத்தை நமக்குள்ளயே பிரிச்சுக்குவோம்.

ஸ்டூடியோவில் வேலை பார்த்தவங்க, கடையில் கவுன்டர்ல நின்னவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்தில் வந்து கும்முங்க. என் கணக்கில் தப்பு இருந்தா நிச்சயம் திருத்திக்கறேன்.

டிஸ்கி: பிரியாணி போட்ட நண்பனுக்கு நன்றி. திட்டினவனுக்கும்தான். அவனும் போகும்போது அந்த மஞ்சள் ஸ்டிக்கர் கேமை "ஒரு வாரம் கொடுடா"ன்னு கேட்டு வாங்கிட்டுப் போயிருக்கான் :-)